பெடல் மேல் வைத்த கால்

...மிதித்தால் போதும், பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், கட்டைவிரலை ஒரு விரற்கடை இறக்கினால் போதும், மற்றதை ஊசி பார்த்துக்கொள்ளும், கண் மூடித் திறப்பதற்குள் இருபது குத்து குத்துகிற மெஷின் இது, பஞ்சு எது சதை எது என்று அதற்கு என்ன தெரியும், மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்து இறுக்குவது போலத் தோலையும் சதையையும் எலும்பையும் சேர்த்து இறுக்கிவிட்டுப் போகும்... அவள் தன் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடல் மேல் வைத்திருந்தாள். எதிரே தங்கையின் புருஷன், இந்தப் பட்டறையின் மெக்கானிக், குனிந்து நின்று வலது கையை மணிக்கட்டு வரை ஊசிக்குக் கீழே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். உடைந்த ஊசியின் நுனியைத் தேடுகிறான். தேடட்டும், நன்றாகத் தேடட்டும், நுனி எங்கே இருக்கிறது? அவளுடைய இடது கைக்குள் இருக்கிறது, உள்ளங்கையைக் குத்திக்கொண்டு.

உடைந்தது அவள் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. தொட்டில் குழந்தைகளுக்கான மெத்தைப் போர்வை, மூலையில் ஓரத்துணி மடிந்து தடிமனாக இருக்கும், அங்கே வந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும், புதிதாக வந்தவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது. இன்றைக்கு மிதித்த மிதியில் குறைப்பதாவது ஒன்றாவது. டப்பென்று ஒரு சத்தம், கன்னத்தில் சுரீர் என்று என்னவோ பட்டது, சக்கரம் இறுகிப்போய் நின்றது, அடியில் நூல் பந்து பந்தாகச் சுருண்டுகொண்டது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, முழு ஊசியாக அட்டையில் ஒட்டிக் காட்டிய பிறகுதான் மெஷின் மறுபடி ஓட வேண்டும், ஒரு துண்டு குறைந்தாலும் போர்வை வெளியே போகாது, ஓட்டினவளும் மெக்கானிக்கும் வீட்டுக்குப் போக முடியாது, பட்டறையின் சட்டம் அது. நியாயமான சட்டம், பச்சைப்பிள்ளை புரளுகிற போர்வை ஆயிற்றே. நடுத்துண்டு மெஷின் தகட்டின் மேலேயே கிடந்தது, தலைத்துண்டு ஊசி மாட்டுகிற பிடியிலேயே நின்றது, நுனி அவள் மடியில் விழுந்திருந்தது. ஒட்டத்தான் எடுத்தாள். அப்போது வரிசையின் கோடியிலிருந்து அவன் சீட்டியடித்துக்கொண்டு வருவது தெரிந்தது, அவ்வளவுதான், கை தானாக மூடிக்கொண்டது. எதற்கு மூடினாள் என்று அந்த நிமிடம் கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தெரிகிறது. நுனி கிடைக்காதவரை அவன் கை உள்ளேயே இருந்தாக வேண்டும்.

என்ன கை அது, விரல் ஒவ்வொன்றும் எவ்வளவு பதமாக அசைகிறது... இந்தக் கையைப் பார்த்துத்தானே ஏமாந்தாள். மற்ற மெக்கானிக்குகள் திருப்புளியை எடுத்தாலே மெஷின் அழும், இவன் சிக்கின நூலை வெடுக்கென்று இழுக்கமாட்டான், ஓர் இழை ஓர் இழையாக வெட்டி எடுப்பான், திருகாணியைக்கூட விழ விடாமல் உள்ளங்கையில் வாங்குவான். இரும்பையே இப்படித் தொடுகிறவன் பெண்ணை எப்படித் தொடுவான் என்று வீட்டில் போய் வாய் கிழியச் சொன்னவள் அவள்தான், அம்மா தயங்கினபோதுகூட விடவில்லை. எப்படித் தொடுவான்? இதே பொறுமையோடுதான் தொடுவான். முந்தாநாள் தங்கையின் இரண்டு விரலைக் கதவிடுக்கில் வைத்து, அவசரமே படாமல், கதவை மெல்ல மெல்லச் சாத்தியிருக்கிறான். கோபத்தில் அறைந்தான் என்றால்கூட மனசு ஏதோ ஒரு சமாதானம் தேடும். மெல்லச் சாத்துகிறவனை என்ன செய்வது? நகம் கழன்று வந்துவிட்டது, ஒரு விரல் இனி மடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார், இவன் பட்டறையில் எல்லோரிடமும், கதவில் நசுக்கிக்கொண்டாள், கவனமே கிடையாது அவளுக்கு என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"லேசா ஒரு தையல் மிதிங்கக்கா, கையை எடுத்துட்டேன்" என்றான். மிதித்தாள். நுனி கிடைக்கும் முன்பே, சட்டத்தை மீறி அவன் மாட்டியிருந்த புது ஊசி இறங்கியது, கீழே கொக்கி வந்து நூலை வாங்கிக்கொண்டு போனது, சுத்தமான வேலை. ஊசி மேலே ஏறி நின்றதும் அவன் கை மறுபடி உள்ளே போனது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி மேஜை மேல் வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும், அதுவும் சட்டம்தான், ஆனால் இவன் அணைக்கமாட்டான், அணைத்து அணைத்துப் போட்டால் வேலை எப்போது முடிவது என்பான். எவ்வளவு நம்பிக்கை! அவளால் ஒன்றும் ஆகாது என்கிற நம்பிக்கை. மிதிடி. ஆள்காட்டி விரலின் நகத்துக்கு நேர் மேலே நிற்கிறது ஊசி, முதல் குத்து நகத்தைப் பிளக்கும், இரண்டாவது எலும்புக்குப் போகும், அவன் இழுப்பான், இழுக்க இழுக்க நூல் விடாது, வெள்ளைப் பஞ்செல்லாம் சிவந்து ஊறும், பட்டறையே எழுந்து நிற்கும், அவள் காலை எடுக்கமாட்டாள்... மேற்பார்வைக்காரர் ஓடி வந்து, ஐயோ போர்வை போச்சே என்றுதான் முதலில் கத்துவார், இந்த இடத்தில் சிக்காமல் ஓடுகிற ஒரே மெஷின் அவர் வாய். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கில் எச்சில் ஊறியது, வெல்லத்தைக் கடித்த மாதிரி. இன்னொருத்தர் கை உள்ளே, தன் கால் மேலே... இப்படி ஒரு ருசி உலகத்தில் உண்டா? அவன் இதை எத்தனை நாளாகச் சாப்பிடுகிறான்?

"இன்னைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்க்கா" என்றான் குனிந்தபடியே. "உங்களுக்கும் எதுக்குத் தொந்தரவு." நேற்றிலிருந்து தங்கை அவள் வீட்டில்தான் இருக்கிறாள். போகாதே என்று ராத்திரி முழுக்கச் சொல்லியாயிற்று. அந்தச் சூடு சொரணை கெட்டவள் மத்தியானம் போனில் கூப்பிட்டு, சாயங்காலம் அவர் வர்றார்க்கா, நல்லாத்தான் பேசினார், பையை எடுத்து வச்சுட்டேன் என்கிறாள், கட்டுப்போட்ட கையோடு, சிரிப்பு வழிகிற குரலில். அந்தச் சிரிப்பைக் கேட்ட வயிற்றெரிச்சலில்தான் மூலையில் வேகத்தைக் குறைக்காமல் மிதித்தாள். இவனையாவது குத்திக் கிழிக்கலாம், அவளை என்ன செய்வது? அடிபட்டவளுக்கு எங்கிருந்து வருகிறது சிரிப்பு? முந்தாநாள்கூட அப்படித்தான், போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், அவர் வந்துட்டார், அப்புறம் பேசறேன்க்கா என்று கொஞ்சிக்கொண்டே வைத்தாள், அடுத்த நிமிடம் கதவு. அக்காவிடம் என்னடி அவ்வளவு பேச்சு என்று கேட்டானாம்... மிதித்துவிடு. மிதித்தால் அப்புறம்? கை போனவனுக்குச் சோறு ஊட்டப்போவது யார், அதுவும் அந்த மடங்காத விரலால்தானே? இன்னொரு கை மிச்சம் இருக்குமே, கதவைச் சாத்த ஒரு கை போதாதா? காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள், ஆத்திரத்தில் கண் எரிந்தது.

அவன் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். கொக்கிக்குப் பின்னால் கொஞ்சம் நூல் மாட்டியிருக்கிறது, நுனி அதற்குள்தான் இருக்கும், என் விரல் போகவில்லை, உங்கள் விரல் சின்னது, நீங்கள் எடுங்கள் என்றான். சொல்லிக்கொண்டே அவள் பக்கமாகச் சுற்றி வந்துவிட்டான், எழுந்து இடம் விடாமல் என்ன செய்வது, எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து வலது கையை உள்ளே விட்டாள். தகட்டின் ஓரம் மணிக்கட்டில் சில்லென்று பட்டது. கொக்கிக்குப் பின்னால் கையை வளைத்து நுழைத்தால் நூலைப் பிடிக்க முடிகிறது, ஆனால் சட்டென்று வெளியே இழுக்க முடியாது. பக்கவாட்டில் பார்த்தாள். அவன் ஷூ பெடல் மேல் இருந்தது. சும்மாதான் வைத்திருந்தான், பழக்கதோஷம்... சும்மாதானா? அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், ஷூவின் முனை மெல்ல, அவசரமே படாமல், இறங்கியதா, இறங்குவது போல இருந்ததா? ஊசி அசையவில்லை. அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. அவனை ஒன்றும் சொல்லக்கூடாது, காலை எடு என்று அதட்டக்கூடாது, கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, முகம் மாறக்கூடாது... யாரும் சொல்லித்தராமலே இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பாத்து தம்பி" என்றாள். "கால் தவறிடப் போவுது."

சிரித்துக்கொண்டே சொன்னாள். குரல் எவ்வளவு இதமாக வந்தது, கொஞ்சம் கொஞ்சல்கூட இருந்தது. யார் குரல் இது? அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. மத்தியானம் போனில் கேட்ட குரல். முந்தாநாள், அவர் வந்துட்டார், அப்புறம் பேசறேன்க்கா என்ற அதே குரல். அது சிரிப்பே இல்லையா? தங்கை இத்தனை நாளும் கையை உள்ளே வைத்துக்கொண்டா பேசிக்கொண்டிருந்தாள்?

"பயப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக் காலை எடுத்தான். அவள் நூல் சுருளோடு கையை மெல்ல வெளியே எடுத்தாள். மேற்பார்வைக்காரர் வந்து, நுனி கிடைத்ததா, எல்லோரும் கிளம்ப வேண்டாமா என்று ஆரம்பித்துவிட்டார். அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். இடது கையைத் திறந்தால் முடிந்தது, அட்டையில் ஒட்டிவிட்டு அவன் நேரே அவள் வீட்டுக்குப் போவான், தங்கை பையோடு வாசலில் நிற்பாள். திறக்காவிட்டால் இன்றைக்கு மட்டும் போகமாட்டான். நாளைக்கு? உள்ளங்கை ஈரமாக இருந்தது, வேர்வையா ரத்தமா தெரியவில்லை.

"கிடைக்கலியே தம்பி" என்றாள். "பொறுமையா தேடுவோம்." அதே குரல்தான் மறுபடியும் வந்தது, வேண்டாம் என்று நினைத்தும் அதை மாற்ற அவளால் முடியவில்லை.