நாலாவது ஆள்

"அம்மா, முன்னாடி நிக்கிற பொண்ணுக்கே அவ்ளோ போட்டுட்டாங்கன்னா நமக்கு இருக்குமா?"

திருநீர்மலையில் புளியோதரைக்கு வரிசையில் நின்றபோது மஹாலட்சுமி கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அம்மா புஷ்பலதா சிரித்துவிட்டாள். பெருமாள் அன்றைக்குத் தொன்னை நிறையவே கொடுத்தார். ஆனால் வாங்கிக்கொண்ட பிறகும் குழந்தை முன்னால் போனவளின் தொன்னையைத்தான் எட்டி எட்டிப் பார்த்தது.

ப்ளஸ் டூ முடித்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. இப்போது அது மெஹ்னாஸ் மேல் இருந்தது.

இருவரும் ஊரப்பாக்கத்தில் ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். சென்னைக்குள் இருக்கும் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். ஒரே ஒரு மதிப்பெண்ணில் மஹாவுக்கு இடம் கிடைத்தது. மெஹ்னாஸ் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நின்றாள். கிடைத்தவள் கிடைக்காதவளைப் பார்த்து வயிறெரிவதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

சேர்வதா வேண்டாமா என்று சொல்லக் கடைசி நாள் வந்தது; அன்று மாலை ஆறு மணி வரை நேரம் இருந்தது. "நேர்ல ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணு, நானும் வரேன்" என்று மெஹ்னாஸ்தான் அவளைக் காலையில் ரயிலேற்றிக் கூட்டிப் போனாள்.

வளாகத்துக்குள் நுழைந்ததிலிருந்து மஹாவுக்கு மூச்சு முட்டியது. வகுப்பறை சினிமா தியேட்டர் போல இருந்தது. பேராசிரியர் மைக்கில் பேசிவிட்டு, கூட்டம் எழுவதற்குள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். மஹா பள்ளியில் பாடம் முடிந்ததும் மேசையருகே போய் நின்று சந்தேகம் கேட்டே படித்தவள்.

"சார் திரும்ப எப்ப வருவாரு?" என்று பக்கத்தில் இருந்த சீனியரிடம் கேட்டாள்.

"டவுட்டா? இங்க எல்லாம் நாமளே தேடிக்க வேண்டியதுதான் பாப்பா" என்று அவள் சிரித்தாள்.

மெஹ்னாஸோ தண்ணீரில் விட்ட மீனாகிவிட்டாள். நூலகத்தில் ஒரு மணி நேரம் ஆளைக் காணவில்லை. கேன்டீனில் முன்பின் தெரியாத நாலு பேரோடு சமோசாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே வாதாடினாள். 'இடம் என்னுடையது. இவள் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாம்?' என்று மஹா படியில் உட்கார்ந்து புழுங்கினாள்.

கிளம்பும் முன் அலுவலகத்தில் மெஹ்னாஸ் தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

"யாராவது ஆறு மணிக்குள்ள ஆன்லைன்ல வேணாம்னு போட்டா உனக்கு வரும்மா" என்றார் அங்கிருந்தவர். "இந்த வருஷம் இதான் கடைசி ரவுண்டு. யாரும் போடலன்னா அவ்ளோதான்."

இது இல்லாவிட்டால் மெஹ்னாஸுக்கு வேதியியல் எங்கேயும் இல்லை. பக்கத்துக் கல்லூரியில் பி.காம்.தான். மஹாவுக்கோ சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியிலும் அதே பாடத்துக்கு இடம் இருந்தது. போன வாரம் அங்கே போயிருந்தாள். மேடம் ஆய்வகத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மனசு அங்கேதான் கிடந்தது. ஆனால் இதை விட்டால் மெஹ்னாஸுக்கல்லவா போகும்?

திரும்பும் ரயிலில் மகளிர் பெட்டி நிரம்பி வழிந்தது. மஹாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆளுக்கு நெருங்கி உட்கார்ந்து இடம் விடுவது அந்த ரயிலின் வழக்கம். அன்று மஹா நெருங்கவில்லை. பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். மெஹ்னாஸ் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

சைதாப்பேட்டையில் காலிக் கூடையோடு ஏறிய மீன்கார அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னா கண்ணு, உன் பைக்கும் டிக்கெட் எட்த்துகினியா? உன் சோட்டுப் பொண்ணு நின்னுகினு கீது. தள்ளி குந்து!"

பெட்டியே சிரித்தது. மஹா முகம் சிவக்க நகர்ந்தாள். மெஹ்னாஸ் விளிம்பில் பாதி தொங்கியபடி உட்கார்ந்து, மஹாவின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மஹா, ஒண்ணு கேக்கவா? நீ இங்க சேந்ததும் பாடத்த எல்லாம் எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புறியா? பி.காம். படிச்சுக்கிட்டே கேட்டுப்பேன்."

மஹா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரியில் மஹாவுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் யாரும் உள்ளே வரக்கூடாது. மெஹ்னாஸ் கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போவாள். சாயங்காலமானால் அன்றைய பாடம் முழுவதும் அவள் குரலில் வந்து சேரும். நடுநடுவே, "தூங்கிட்டியாடி?" என்று ஒரு அதட்டல். அந்தக் குரலைக் கேட்டுப் படித்துத்தான் மஹா ஒரு மதிப்பெண் முந்தினாள்.

ஊரப்பாக்கத்தில் இறங்கியதும் மெஹ்னாஸை அவள் அத்தா உமர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். மஹா மட்டும் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தாள். ஆறு மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

மெஹ்னாஸ் என்று ஒருத்தி இல்லாவிட்டால் அந்த வளாகம் நமக்கு வேண்டுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று உடனே பதில் வந்தது. அப்படியும் விரல் நகரவில்லை. நம்மில் பலருக்கும் வேண்டாததை விடுவதுதான் அதிகம் வலிக்கிறது.

"பெருமாளே" என்று சொல்லிக்கொண்டு, 'சேர விருப்பமில்லை' என்ற பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. மறுபடி அழுத்தினாள். பொறாமை அதோடு போய்விட்டதா என்றால் இல்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள்.

மேம்பாலப் படியில் ஏறும்போது ஃபோனில் ஒரு மெசேஜ் வந்தது. மெஹ்னாஸ்.

"டீ, மணி ஆறாகப் போவுது. நான் துவா கேட்டுட்டு இருக்கேன். உன் பெருமாள்கிட்டயும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன்."

படியில் வேறு யாரும் இல்லை. மஹா கைப்பிடியில் சாய்ந்து நின்று எழுதினாள்:

"சொல்லிட்டேன்."