முப்பத்தொன்றாம் காட்சி

காளிராஜ் ஒரு தாளைத் தொடைமேல் வைத்து, இன்னும் துக்கம் சொல்லாத ஊர்களை எழுதிக்கொண்டிருந்தான். ஊருக்குக் கீழே இரண்டு மூன்று பெயர்கள். போனில் சொல்லி முடித்த பெயரைக் குறுக்கே அடித்தான். பந்தல்காரர் வாசலில் நின்று கூப்பிடவும், தாளை அக்கா ஜெயசுதாவின் கையில் திணித்துவிட்டு எழுந்தான்.

தாளின் மறுபக்கத்தில் அச்சு எழுத்து தெரிந்தது. அவள் திருப்பிப் பார்த்தாள். காட்சி 42. அவள் எழுதியதுதான்.

“ஏலே, இத எங்கன எடுத்த?”

“டீவிக்குப் பின்னாடி கட்டாக் கெடந்துச்சுக்கா. ஒரு பக்கம் வெறுமையா இருக்கேன்னு உருவுனேன். வேணுமா?”

அவள் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். காட்சியின் ஓரத்தில் பென்சிலால், பொடியாக, சாய்வாக எழுதியிருந்தது: ‘4.10க்கு பஸ் கிடையாது. 4.40.’

அய்யாவின் கையெழுத்து.

இரண்டு வருடமாக எழுதிய திரைக்கதை அது. சென்னையில் தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைத்த நேரம் போக, மிச்ச நேரத்தில் எழுதியது. இந்த ஊர், இந்த மிளகாய்க் காடு, இந்த வீடு. பொங்கலுக்கு வந்தபோது ராமநாதபுரத்தில் ஒரு பிரதி எடுத்து அய்யாவிடம் கொடுத்தாள். அவர் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். “இம்புட்டா?” என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு போனில் பேசிய போதெல்லாம் செடி வாடுவதைப் பற்றிச் சொன்னார், மோட்டார் ரிப்பேரைப் பற்றிச் சொன்னார். வாசித்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் முப்பத்தொன்றாம் காட்சியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் அய்யா சின்னச்சாமி காட்டிலிருந்து வந்து, தண்ணீர் கேட்டு, அம்மா பூமயில் செம்பில் மோந்துகொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

இப்போது நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயை அவசரமாக ஒதுக்கித்தான் பந்தல் போட்டிருந்தார்கள். ஒதுக்கியது போக மிஞ்சியவை நாற்காலிக் கால்களுக்குக் கீழே நொறுங்கின. கட்டிப்பிடித்து அழ உட்கார்ந்த பெண்கள் ஒப்பாரியில் ஒரு அடி பாடுவதற்குள் இரண்டு முறை தும்மினார்கள்.

ஜெயசுதா உள்ளறைக்குப் போய் டீவிக்குப் பின்னாலிருந்து தாள்கட்டை எடுத்தாள். ஒரு குட்டைப் பென்சிலையும் சேர்த்துச் சணல் கயிறு போட்டு முடிந்திருந்தது. தாளுக்குத் தாள் பென்சில். ‘மாசியில் கண்மாயில் இவ்வளவு தண்ணி இருக்காது.’ ‘மாட்டு வண்டி அப்பவே வித்தாச்சு.’ ‘சம்பந்தகாரர் வீட்டில் இப்படி உட்கார மாட்டார்கள்.’ நன்றாக இருக்கிறது, இல்லை என்று எங்கும் ஒரு சொல் இல்லை. இருபத்தொன்பது. முப்பது. அடுத்தது முப்பத்திரண்டு.

மறுபடியும் எண்ணினாள். முப்பத்தொன்று இல்லை.

அந்தக் காட்சியில் மழை வருகிறது. வாசலில் காயப் போட்ட மிளகாய் நனைகிறது. தனியாளாக அள்ள முடியாமல் மனைவி நிற்கிறாள். புருஷன் வருகிறான். ஒரே அறை. அவளுக்கு இடது காது போய்விடுகிறது. அவர்களுடைய பத்து வயது மகள் அன்று வீட்டில் இல்லை. ஏர்வாடி சந்தனக்கூடு திருவிழா பார்க்க வேண்டுமென்று அழுது அடம்பிடித்து மாமாவுடன் போயிருக்கிறாள். அவள் இருந்திருந்தால் இரண்டு பேராக அள்ளியிருப்பார்கள்.

அந்த மகள் இருபத்தாறு வருடமாக மழை தூறினால் எழுந்து நின்றுவிடுகிறாள்.

அய்யா அந்தத் தாளில் என்ன எழுதினார்? ஒன்றும் எழுதாமல் கிழித்துப் போட்டாரா? அது தெரியாமல் அவரைத் தூக்க விடக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பீரோவுக்கு அடியில் குனிந்து தேடினாள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. பிரபு. சென்னையில் ஒரு படக் கம்பெனிக்குக் கதை வாசித்துச் சொல்பவன். முந்தைய இரவு அவள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுடைய திரைக்கதையைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பியிருந்தான். ‘ஊர் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது மேடம். அப்பா கேரக்டர் சூப்பர். ஆனா 31வது சீன் இடிக்குது. மிளகாய் நனைஞ்சதுக்கா காது போற அளவுக்கு அடிப்பாரு? காரணம் ரொம்ப வீக். ஸ்ட்ராங்கா ஒண்ணு வைங்க. கடைசில சாகும்போது அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்கட்டும். அது இருந்தா படம் நிக்கும்.’ இப்போது வந்தது ஒரே வரி: ‘சீனை மாத்த ஓகேவான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க.’

அவனுக்கு இங்கே நடந்திருப்பது தெரியாது.

வீக்காம். ஒரு வருடத்து வெள்ளாமை வாசலில் நனைவது சென்னைக்காரனுக்கு எப்படிப் புரியும் என்று நேற்று இரவு முழுக்க பஸ்ஸில் அய்யாவுக்காக வாதாடிக்கொண்டு வந்திருந்தாள். பரமக்குடி தாண்டிய பிறகுதான், செத்தவரை அழாமல் வாதாடிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

மத்தியானம் கூத்தையா மாமா வந்தார். பூமயிலின் தம்பி. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவர் கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு காரியம் நடக்கும். பந்தலுக்குள் நுழைந்ததுமே ஒரு பெரிய தும்மல் போட்டார்.

“மச்சான் செத்தும் நம்மள நிம்மதியா அழுக விடமாட்டாரு போல,” என்றார். யாரோ சிரித்து, சிரிப்பை அழுகையாக மாற்றிக்கொண்டார்கள்.

குளிப்பாட்டினார்கள். மாமா கோடிச் சேலையை அக்காவின் தோளில் போர்த்தினார். வலது காதுப் பக்கம் குனிந்து, “அழுதுரு அக்கா,” என்றார். பூமயில் தலையை ஆட்டினாள். அழவில்லை. வாய்க்கரிசி போட்டபோது சிந்திய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் அவர் வாயருகே வைத்தாள், பரிமாறும்போது இலையோரம் சிந்தியதைச் சரிசெய்வதுபோல.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வேட்டுச் சத்தம் தெரு திரும்பித் தேய்ந்தது. பெண்கள் குளிக்கப் போனார்கள், வீடு கழுவ ஆளுக்கொரு வாளி எடுத்தார்கள்.

ஜெயசுதா அம்மாவுக்குத் தலை துவட்டிவிட்டு உள்ளறையில் உட்கார வைத்தாள். கட்டு அங்கேதான் தரையில் அவிழ்ந்து கிடந்தது.

“காலையில இருந்து எதத் தேடுற?” என்றாள் பூமயில்.

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாததுக்கா அய்யா கெடக்கையில பீரோவுக்கு அடியில பூந்த?”

ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டாள். “இதுல ஒரு தாளக் காணோம்.”

பூமயில் எழுந்து அரிசி ட்ரம்மைத் திறந்தாள். முழங்கைவரை உள்ளே விட்டு, நான்காக மடித்த தாளை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ட்ரம்முக்குள்ளேயே தட்டினாள்.

“ஒங்கய்யாதான் எனக்கு வாசிச்சுக் காட்டுனாக. மொதல்ல தானா வாசிச்சு, பென்சில்ல என்னமோ எழுதி, அப்புறமா எனக்கு. தெனம் சாப்பிட்ட பெறகு, இந்தப் பக்கமா வந்து ஒக்காந்து.” வலது பக்கத் தரையைக் காட்டினாள். “நல்லாத்தான் இருந்துச்சு. மாடு விக்கிற எடத்துல அழுதேன். ஒரு நா ரெண்டு தாளச் சேத்துப் பெரட்டுனாக.”

“ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

“எனக்கு எழுத்துதான் தெரியாது. தாள எண்ணக் கூடவா தெரியாது? மறுநா அவுக காட்டுக்குப் போனதும் அத உருவி வச்சுக்கிட்டேன்.”

“அவரு தேடலயா?”

“தேடுனாக. எங்கிட்டக் கேக்கல.” தாளை நீட்டினாள். “யாரக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல? நீ வரட்டும்னு இருந்தேன்.”

ஜெயசுதா பிரித்தாள். காட்சி 31. வீட்டு முன்புறம். பகல். மழை. ஓரத்தில் பென்சில். மூன்றே சொற்கள். அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

“என்ன எழுதிருக்காக?”

மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று சொல்லலாம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பிரபு கேட்டபடி இந்த அறையிலேயே அந்தக் காட்சியை நடத்திவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தில் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. தராசுத் தட்டைப் பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்று மழை இல்லை,” என்று வாசித்தாள் ஜெயசுதா.

வெளியே யாரோ வாளியைச் சாய்த்தார்கள். தண்ணீர் சிமெண்ட் தரையில் ஓடியது.

“ஆமா,” என்றாள் பூமயில். “பேயல.”

“நீதானம்மா சொன்ன? மழ வந்து மொளகா நனஞ்சு போச்சு, அதுக்குத்தான்னு.”

“நீ ஏர்வாடியில இருந்து வந்து, ஏம்மா அடிச்சாரு, ஏம்மா அடிச்சாருன்னு விடாமக் கேட்ட. புள்ளைக்கு என்னத்தச் சொல்ல? வாசல்ல மொளகா கெடந்துச்சு. மழ வந்துச்சுன்னு சொன்னேன்.”

“அப்ப எதுக்கு அடிச்சாரு?”

“சோறு போட்டேன். கொழம்பு ஊத்துனேன். ஏந்திரிச்சாக. அடிச்சாக. திரும்ப ஒக்காந்து சாப்பிட்டாக.”

“எதுக்கும்மா?”

பூமயில் யோசித்தாள். உண்மையாகவே யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

ஜெயசுதா தாளைப் பார்த்தபடி இருந்தாள். பஸ் நேரத்தைத் திருத்திய அதே பென்சில். அதே அழுத்தம். போன் மறுபடியும் அதிர்ந்தது. எடுத்து, பார்க்காமலே கவிழ்த்து வைத்தாள்.

கட்டோடு முடிந்திருந்த அந்தக் குட்டைப் பென்சில் தாள்களுக்கு நடுவில் கிடந்தது. அதை எடுத்து, தலைப்பில் இருந்த ‘மழை’யின்மேல் ஒரு கோடு போட்டாள்.

“வாசி,” என்றாள் பூமயில். “அவுக தாண்டுன எடத்துல இருந்து. அங்கன ஒக்காந்தா எனக்குக் கேக்காது. இந்தப் பக்கம் வா.”

ஜெயசுதா எழுந்து போய் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

“காட்சி முப்பத்தொண்ணு. வீட்டு முன்புறம். பகல்.”

கோடு அடித்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினாள். பூமயில் வாசலைப் பார்த்தாள். கழுவிவிட்ட தரை அதற்குள் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. ஒதுக்கிக் குவித்திருந்த மிளகாயை ஒருத்தி மறுபடியும் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“வெயில்னு போடு,” என்றாள். “நல்ல வெயிலு.”