கப்பலில் ஒரு கட்டுச்சோறு

கப்பல் நகர்ந்ததே அம்முலுவுக்குத் தெரியவில்லை. துறைமுகம்தான் நகர்கிறது என்று நினைத்தாள். கையசைத்துக்கொண்டு நின்ற கூட்டமும் கிடங்குகளும் கலங்கரை விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கின. கொஞ்ச நேரத்தில் மதராஸ் பட்டணமே ஒரு கோடாகி, அந்தக் கோடும் வெயிலில் கரைந்துபோனது.

அவளுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் உத்திரமேரூர் ஏரிதான். அது எவ்வளவு நிரம்பினாலும் எதிர்க்கரையில் பனைமரம் தெரியும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எதிர்க்கரையைத் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரையும் கேட்கவில்லை.

கேட்பதற்கு உரிமையுள்ள ஒரே ஆள் பக்கத்திலேயே பாயில் படுத்திருந்தான். முகத்தைத் துண்டால் மூடியிருந்தான். அவள் புருஷன் முத்துவேல். பினாங்கில் துறைமுகக் கிடங்கில் வேலை. சொந்த ஊரான திருப்புலிவனத்துக்கு லீவில் வந்து அவளைக் கட்டிக்கொண்டு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவன், நாலு வருஷம் கழித்து அவளை அழைத்துப்போக வந்திருக்கிறான். அந்த ஒரு மாதமும் மாமனார், மாமியார், கொழுந்தன்மார் நிறைந்த வீடு. பகலில் அவன் உள்ளே வந்தால் அவள் தோட்டத்துப் பக்கம் போய்விட வேண்டும். இருட்டில் குரல் தெரியும், கை தெரியும். வெளிச்சத்தில் அந்த முகத்தை நிதானமாகப் பார்க்க அவளுக்கு வாய்த்ததில்லை. கப்பலில் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்தாள். வந்த இடத்தில் துண்டு.

தூங்குகிறான் என்றே நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? மதராஸுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஆம்பிளைகள் பக்கம் உட்கார்ந்து அவன் அளந்த அளப்பு அப்படி. கப்பல் ஏறினால் மற்றவன் எல்லாம் குடலைப் பிடித்துக்கொண்டு கிடப்பானாம், இவன் மட்டும் கப்பல் முழுக்க உலாத்துவானாம். கடல் அவனுக்கு மாட்டுவண்டி மாதிரியாம். போன தடவைகளில் அவனும் சுருண்டுதான் கிடந்தான் என்பது அவனுக்கும் கடலுக்கும் மட்டும் தெரிந்த கதை. இந்தத் தடவை புதுப்பெண்டாட்டி முன்னால் மானம் போகக் கூடாதென்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டான்.

அம்முலுவுக்குப் பசித்தது.

அவள் மடியில் ஒரு மூட்டை. வாட்டிய வாழையிலையில் மாமியார் முனியம்மாள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, மணிலாக்கொட்டை வறுத்துப் போட்டு, ரெண்டு நாள் கெடாதபடி கிளறியது. துணி முடிச்சைத் தாண்டி அதன் வாசனை வந்துகொண்டே இருந்தது. காலையில் சுங்கம், டாக்டர் சோதனை என்று நின்று நின்று ஒன்றும் சாப்பிடவில்லை. கப்பலில் ஏறிச் சாப்பிடலாம் என்று அவன்தான் சொன்னான்.

இப்போது பிரிக்கலாமே என்றால், முடியாது. நடுவில் பொன்னியம்மன் நின்றாள்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் முனியம்மாள் மருமகளை ஏரிக்கரைப் பொன்னியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரம் கொளுத்தினாள். மகன் பினாங்கிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து நின்றது அவளுக்கு ஆறவில்லை. ஆம்பிளைக்குப் பசி என்பது தானாக வராது, வீட்டில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தால்தான் வரும் என்பது அவள் கட்சி.

"அவன் வயித்துல சோறு எறங்காம நீ சோத்துல கை வெக்கக்கூடாது. கை வெச்சா அவனுக்குத்தான் ஆவாது. அக்கர போய்ச் சேர்ற வரைக்கும் இது சத்தியம். அடிச்சிச் சொல்லு."

அம்முலு கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அந்தச் சூடு இன்னும் கையில் இருப்பது போலிருந்தது. கடல் நடுவில் சத்தியத்தை மீறி, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பொன்னியம்மன் ஏரிக்கரையோடு நின்றுவிடுவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தூங்குகிற மனுஷனைத் தட்டி எழுப்பி, எனக்குப் பசிக்கிறது, நீ சாப்பிடு என்று சொல்வதோ அதைவிட அசிங்கமாகப் பட்டது. எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் மணி அடித்தது. மேல்தட்டில் பாய் விரித்திருந்த சனமெல்லாம் தகரத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனது. சோறும் பருப்பும் அவளைச் சுற்றி ஆவி பறக்க வந்து இறங்கின. அவள் டிரங்குப் பெட்டியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தாள்.

தண்ணீர் பச்சையாக இருந்தது, பிறகு நீலமானது, பிறகு பேர் தெரியாத ஒரு நிறத்துக்குப் போனது. அடியில் எங்கோ எந்திரம் ரைஸ்மில் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து நாலைந்து சின்ன மீன்கள் கிளம்பி, குருவிக்கூட்டமாகப் பறந்து, தூரத்தில் போய் விழுந்தன. மீன் பறக்கிறது என்று அவனிடம் சொல்லத் திரும்பினாள். துண்டு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

பசி முற்றினால் வலிக்காது, மிதக்கவைக்கும். கண் திறந்திருக்கும்போதே அவள் ஏரிக்கரைமேல் நடந்தாள். தலையில் கூழ்ப்பானை. மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள், தண்ணீர் கழனி கழனியாக இறங்கி நிறைந்தது, ஒவ்வொரு கழனியும் தொட்டில்போல ஆடியது. யாருக்கோ கூழ் கொண்டுபோகிறாள், அந்த ஆள் கடைசிக் கழனியில் நிற்கிறான், அவனுக்கு முகம் இல்லை. நடக்க நடக்கக் கரை நீண்டது. பானைக்குள்ளிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. தண்ணீருக்கு நடுவில் முனியம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள், முந்தானைகூட நனையாமல். அந்த வெளிச்சத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"இன்னாடி, சாமி வந்தாப்பல ஆடற?"

அடுத்த பாய்க்காரி ஆண்டாளம்மாள். மானாம்பதிக்காரி, மகன் வீட்டுக்கு ஈப்போ போகிறவள். இந்தக் கப்பலில் பலமுறை போய் வந்தவள். மத்தியானமே ரெண்டு தடவை சாப்பிடச் சொல்லிவிட்டாள், அம்முலு தலையாட்டியதோடு சரி. இப்போது தோளைப் பிடித்து உட்காரவைத்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். தூங்குகிறானாமே, நல்ல தூக்கம், கப்பல் கிளம்பினதிலிருந்து எச்சிலை முழுங்கி முழுங்கிக் கிடக்கிறான், இன்னும் மூன்று நாளைக்கு எழுந்திருக்கமாட்டான், அதற்குள் நீ செத்துப்போவாய் என்றாள். அத்தோடு நிற்காமல் முத்துவேலின் காலைப் பிடித்து ஆட்டி, கற்பூரம் முதல் கட்டுச்சோறு வரை அத்தனையும் அவன் காதில் போட்டுவிட்டு, தன் பாய்க்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

துண்டு விலகியது.

வெயில் சாய்கிற நேரம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அம்முலு முதன்முறையாகப் புருஷன் முகத்தை முழுசாகப் பார்த்தாள். வெளிறி, வேர்த்து, உதடு காய்ந்து கிடந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. அது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. பாவமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

"காலீலேர்ந்து துன்னலியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அம்மா கெடக்குது. சத்தியமும் வாணாம் ஒண்ணும் வாணாம். நீ துன்னு."

அவள் அதற்கும் மாட்டேனென்று தலையாட்டினாள். மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குத் தன் அம்மாவையும் தெரியும், அந்தப் பொன்னியம்மனையும் தெரியும். பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"பிரி."

இலை திறந்ததும் புளிச்சோற்று வாசனை அவன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று விரலால் ஒரு வாய் எடுத்தான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான். குரல்வளை ஏறி இறங்கியது.

"எறங்கிடிச்சி. இப்ப துன்னு."

அம்முலு சாப்பிட்டாள். முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவது கவளத்தில் உலகம் ஆடுவதை நிறுத்தியது. வயிறு நிரம்ப நிரம்ப வாய் திறந்துகொண்டது. நாலு வருஷமாக அவனிடம் பேசாத பேச்செல்லாம் வந்தது. எதிர்க்கரையைத் தேடிய கதையைச் சொன்னாள், பறக்கிற மீனைச் சொன்னாள். அக்கரையிலும் ஏரி உண்டா, அங்கே வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம், ஆடு வளர்க்க விடுவார்களா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவன் வாயை இறுக மூடிக்கொண்டு "உம்" என்றான். கண் மட்டும் அவள் கையையும் இலையையும் விட்டு நகரவில்லை. இப்படி ஒரு மனுஷன் தன் பேச்சை இத்தனை அக்கறையாகக் கேட்பான் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் நிதானமாகவே சாப்பிட்டாள். கடைசிக் கொட்டையைக்கூடப் பொறுக்கித் தின்றாள். சூரியன் போய்த் தண்ணீரைத் தொட்டது.

அவள் இலையை மடித்தாள்.

மடித்த அந்தக் கணமே முத்துவேல் எழுந்தான். பாய்களைத் தாண்டி, யாரையோ மிதித்து, கம்பிப் பக்கம் ஓடினான். குனிந்தான். அந்த ஒரு வாயும், அதற்கு முன்னால் இருந்ததும் இல்லாததும், கடலுக்குப் போயின.

அப்போதுதான் அம்முலுவுக்குப் புரிந்தது, அவள் பேசியது அத்தனைக்கும் அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

எழுந்து போனாள். அத்தனை சனம் பார்க்க, பகல் வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்க, ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துவிட்டாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கம்பியில் சாய்ந்தான்.

"வவுறு ரொம்பிச்சா?" என்றான்.

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"பயப்படாத. காலீல இன்னொரு வாய் துன்றேன்" என்றான் முத்துவேல்.