மீதிப் படம்

இந்தப் படத்திலும் அப்பா செத்துப்போனார். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, முதல் பாட்டு முடிவதற்குள், புயலில். ரேடியோ சித்தப்பா கைப்பேசியை அணைத்து அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தார். இதற்கு முந்தைய படத்தில் அம்மா இல்லை. அதற்கும் முந்தையதில் இரண்டு பேருமே இல்லை, ஒரு சின்னப் பெண் கொக்கு ஒன்றோடு தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"குழந்தைங்களுக்குன்னு படம் எடுக்கிறவனுங்களுக்கு என்ன கேடு? பெத்தவங்களை முதல்ல கொன்னாத்தான் கதை நகருமா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தார். அண்ணன் பிள்ளைகள் இரண்டும் சோபாவில் காலாட்டிக்கொண்டு இருந்தன. காதில் விழவில்லை போலிருக்கிறது. தப்பித்தார்.

கொஞ்ச நேரம் முன்னால், பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான், ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணியின் போன் வந்திருந்தது.

"தம்பி, அவர் போயிட்டார்."

அண்ணி அழவில்லை. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தாரே என்றுதான் இவருக்கு முதலில் தோன்றியது.

"பிள்ளைங்ககிட்ட நான்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லக் கூடாது. இங்க கையெழுத்து அது இதுன்னு நேரமாகும். நான் வர்ற வரைக்கும் ஏதாவது படத்தைப் போட்டு உட்கார வெச்சுடுங்க. தம்பி... உங்க வாய்..."

"சொல்ல மாட்டேன் அண்ணி."

"உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அண்ணி அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா இறந்ததை அவளுக்குச் சொன்னது பள்ளிக்கூட வாசலில் கொய்யாப்பழம் விற்கிறவள். பழத்தை நிறுத்துக்கொண்டே, "நீ என்னடி இங்க நிக்கறே? உங்கப்பா போயிட்டாராமே, வீட்டுக்கு ஓடு" என்றாளாம். அண்ணி இன்றுவரை கொய்யாப்பழத்தைக் கையால் தொடுவதில்லை. இந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும்.

போயும் போயும் இவரிடம் இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்ததே என்பதுதான் சங்கடம். ரேடியோ என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. அண்ணனுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்த பிறந்தநாள் விருந்துக்கு, அண்ணனுக்கே போன் போட்டு "நான் எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்ட மகானுபாவர். லிஃப்ட் ரிப்பேர் செய்வது தொழில். ஒரு மாடியில் கேட்டதை இன்னொரு மாடியில் இறக்கி வைக்காமல் வீடு திரும்பியதில்லை. வயிற்றில் ஒரு விஷயம் தங்காது அவருக்கு. இன்றைக்கு இந்த விஷயம் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தது.

அழுவதற்குக்கூட வழியில்லை. முகம் வீங்கினால் பெரியவள் கண்டுபிடித்துவிடுவாள். பன்னிரண்டு வயதென்றாலும் அவளுக்கு அவள் அப்பாவின் கண். யோசித்து, கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். அண்ணா, என்னண்ணா இப்படிப் பண்ணிட்டே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பொடிப்பொடியாக நறுக்கினார்.

"சித்தப்பா, இப்பத்தானே சாப்பிட்டோம். எதுக்கு வெங்காயம்?" பெரியவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"ராத்திரிக்கு."

"ராத்திரி அம்மா தோசைன்னாங்களே."

"தோசையில போட்டுக்கலாம். சரி வா, படம் பார்க்கலாமா? சனிக்கிழமைதானே?"

முதல் வேலையாக அவளுடைய டேப்லெட்டை எடுத்துப் பீரோ மேல் தள்ளினார். சொந்தக்காரர்கள் குழுவில் எவனாவது மாலை போட்ட படத்தைப் போட்டுத் தொலைத்தால் என்ன செய்வது? சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய். தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார். அதற்கு ஒரு பொய். பொய் சொல்வது இவ்வளவு சிரமமான வேலை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. உண்மையை உளறுவதில் இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

கூடத்தில் பஞ்சாயத்து ஆரம்பமாயிற்று. சின்னவளுக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அண்ணனுக்குப் பல்செட் செய்கிற தொழில். தனக்கும் இரண்டு பல் செய்து தரும்படி ஒரு மாதமாக அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"மிருகம் வரணும்," என்றாள் சின்னவள்.

"துப்பறியற படம்," என்றாள் பெரியவள்.

"மிருகம் துப்பறியற படம் இருக்கா பாரு," என்றார் ரேடியோ.

டிவி திரையில் வரிசையாகப் படங்களின் முகப்புகள் ஓடின. நாய் படம் ஒன்று. கடைசியில் நாய் என்ன ஆகும் என்று தெரியாமல் போட முடியுமா? அடுத்தது, பேய் வீடு. வேண்டவே வேண்டாம். அடுத்த படத்தின் முகப்பில் ஒரு பெண் ரயில் ஜன்னல் வழியாக அழுதுகொண்டிருந்தாள். "இது எதுக்கு, வெயில் காலத்துல அழுகைப் படம்!" என்று தாண்டினார். அண்ணன் எப்படித்தான் வாரா வாரம் இதைச் செய்தாரோ! பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மெழுகு ஆறுகிற இடைவெளியில், முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று பார்த்துத்தான் ஒரு படத்தை வீட்டுக்குள் விடுவார். நாலு பேரும் சிரிக்க வேண்டும், ஒருத்தரும் தூங்கக் கூடாது, ஒருத்தரும் கண்ணைப் பொத்திக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். இவர் அதைக் கேலி செய்யாத நாளில்லை.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு டீச்சர். கண்கள் சிவந்து, கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"அய்யோ, இப்பத்தான் கேள்விப்பட்டேன்..."

ரேடியோ ஒரே எட்டில் வாசலுக்குப் போய்க் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினார். "டீச்சர், பிள்ளைங்களுக்குத் தெரியாது. உங்க காலைப் பிடிச்சுக்கறேன். படிக்கட்டுல யாராவது பேசினாலும் அடக்குங்க." டீச்சர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார். ரேடியோ பாத்திரத்தோடு உள்ளே வந்தார்.

"யாரு?" என்றாள் பெரியவள்.

"டீச்சர். பாயசம்."

"என்ன விசேஷம்?"

"சும்மா செஞ்சாங்களாம்."

பெரியவள் எழுந்து வந்து மூடியைத் திறந்தாள். உள்ளே ரசம் சாதம் இருந்தது. மூடியைத் திரும்ப மூடினாள். ரேடியோ அவசரமாக ரிமோட்டை எடுத்தார். இன்னும் எவ்வளவு நேரம்? சீக்கிரம் எதையாவது ஓடவிட்டாக வேண்டும். பிள்ளைகளின் கண் திரையில் இருக்க வேண்டும், தன் முகத்தில் இருக்கக் கூடாது.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் அது கண்ணில் பட்டது. பாதி பார்த்து நிறுத்திய படம். ஒரு தபால்காரம்மா, ஒரு கழுதை. கழுதையைப் பார்சலாகக் கலங்கரை விளக்கத்தில் சேர்க்க வேண்டும், கழுதை படகில் ஏற மாட்டேன் என்கிறது. போன சனிக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அது ரேடியோவுக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. அண்ணன் பார்த்துத் தேர்ந்த படம், இதில் யாரும் சாக மாட்டார்கள். அவ்வளவுதான் அவர் மண்டைக்குள் ஓடியது.

"இதோ இருக்கே! மீதியைப் போடறேன்."

"ஐ! கழுதை!" சின்னவள் சோபாவில் குதித்தாள். உடனே நின்றாள். "அப்பா வந்தப்புறம்தானே பார்க்கணும்?"

அந்த வீட்டுச் சட்டம் அது. நாலு பேரும் இருந்தால்தான் படம் ஓடும். ஒருத்தர் பாத்ரூம் போனாலும் படம் நிற்கும்.

"அதெல்லாம் பாருங்கம்மா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"காலைல போன்ல சொன்னாரே," என்றாள் சின்னவள். "கழுதையைத் தொட்டீங்க, தோலை உரிச்சுடுவேன், திங்கட்கிழமை வந்து சேர்ந்து பார்ப்போம்னு. நாங்க சத்தியம்கூடப் பண்ணோம்."

அண்ணன் மட்டும் இருந்திருந்தால் யாரையும், எந்தச் சித்தப்பாவையும், அந்தப் படத்தைத் தொட விட்டிருக்க மாட்டார். ரேடியோ மெதுவாகத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை அவர் முகத்திலிருந்து பிடுங்கிய தொலைபேசிக் கம்பிக்குப் போனது. அங்கிருந்து பீரோ மேலே. அப்புறம் தூக்குப் பாத்திரத்துக்கு.

"அப்பா மனசு மாறியிருப்பார்டி," என்றாள் தங்கையிடம். குரல் கொஞ்சம் கரகரத்தது. "சித்தப்பாகிட்ட சொல்லியிருப்பார். இல்ல சித்தப்பா?"

"ஆ... ஆமா. சொன்னார்."

"போடுங்க."

கழுதை முரண்டு பிடித்தது. தபால்காரம்மா பின்னாலிருந்து தள்ளினாள், முன்னாலிருந்து இழுத்தாள், கடைசியில் தானே நாலு காலில் நடந்து காட்டினாள். சின்னவள் பொக்கை வாய் தெரியச் சிரித்தாள். படிக்கட்டில் யாரோ ஒரு பெண் விசும்புகிற சத்தம் மேலேறி வந்தது. ரேடியோ எழுவதற்குள் பெரியவள் கை நீட்டி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினாள். விசும்பல் தாண்டிப் போகும் வரை கூட்டியே வைத்திருந்தாள். அதன் பிறகு குறைத்தாள்.

ரேடியோவால் அங்கே உட்கார முடியவில்லை. சமையலறைக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். கெடுத்தாயிற்று. வாயைத் திறக்காமலே கெடுத்தாயிற்று. அண்ணி கும்பிட்டுக் கேட்ட ஒன்றே ஒன்று. கொய்யாப்பழக்காரியாவது வாயால் சொன்னாள்.

பின்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியவள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். டம்ளர் நிறைந்து கையில் வழிந்தது, அவள் குழாயை மூடவில்லை. இவர்தான் மூடினார்.

"அம்மா எப்ப வருவாங்க?"

"வந்துட்டே இருக்காங்க கண்ணு."

தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருந்தாள். கூடத்தில் சின்னவள் கழுதையை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, அம்மா வந்து சொல்லும்போது நான் எப்படி இருக்கணும்?"

அவள் தலையில் கை வைத்தார். அணைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தார், அணைத்தால் இரண்டு பேரும் உடைந்துவிடுவார்கள், கூடத்தில் ஒரு குழந்தை இருக்கிறது.

"எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மாவுக்கு அந்தப் பழக்காரி கதை இருக்குல்ல? தானே சொல்லணும்னு இருப்பாங்க."

"சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லிடுவீங்க சித்தப்பா."

"சத்தியமா சொல்ல மாட்டேன்டா. சாகற வரைக்கும்." கடைசி வார்த்தை வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அதைக் கவனிக்காதவள் போல, தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு? ஏறிடுச்சா?"

"நீ போனப்ப நிறுத்தவே இல்ல," என்று சின்னவள் குறைப்பட்டாள். "ஏறிடுச்சு. இப்ப கடல்ல இருக்காங்க."

படம் முடிந்தது. கழுதை சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் சின்னவளின் முகம் மாறியது. செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது போல.

"அக்கா, அப்பா வந்து ரிமோட்டை அமுக்கினா முடிஞ்சுபோச்சுன்னு காட்டுமே. தெரிஞ்சுடுமே!"

"ஒண்ணும் ஆகாது."

"ஆகும்! நாம சத்தியம் பண்ணோம். முதல்ல நிறுத்தின இடத்துக்கே கொண்டு போய் வெச்சுடு அக்கா. பாக்காத மாதிரி."

பெரியவள் ரிமோட்டை எடுத்தாள். கீழே ஒரு கார் வந்து நின்றது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரேடியோ ஜன்னல் பக்கம் போகவில்லை. படம் பின்னோக்கி ஓடியது. கழுதை கரையிலிருந்து கடலுக்கு வந்தது, கடலிலிருந்து படகோடு பின்னால் போனது.

"போதுமா?"

"இன்னும். தபால்காரம்மா செருப்பைக் கழட்டுவாங்கல்ல, அதுக்கும் முன்னாடி. சீக்கிரம்!"

சாவி திரும்பியது. அண்ணி உள்ளே வந்தாள். தோளில் ஆஸ்பத்திரிப் பை, கையில் அண்ணனின் மூக்குக் கண்ணாடிக் கூடு. பிள்ளைகளைப் பார்க்கவில்லை, முதலில் ரேடியோவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரியும். வயிற்றிலிருந்து எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பி மேலே வந்தது.

இல்லை என்று தலையசைத்தார். அண்ணியின் தோள் சற்றே தளர்ந்தது.

பெரியவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போய், கொஞ்சம் முன்னால் வந்து, சரியான இடம் கிடைத்ததும் நிறுத்தினாள். ரிமோட்டைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து அம்மாவுக்கு எதிரில் வந்து நின்று, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?"

அண்ணி பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரையும் பக்கத்தில் வரச் சொன்னாள்.