கம்பியில் தொங்கிய லாடம்

ஹெட்போனுக்குள் யாரோ காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல ஒரே படபடப்பு. கோதண்டபாணி அதைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான்.

"இன்னிக்கும் அதேதானாங்க?" என்றாள் மனைவி ஜெயம்.

"அதே பேஜாருதான். இன்னும் அரைமணியில இருதயராஜ் பேசுவான். ஒரு எழுத்து காதுல விழாது!"

கோதண்டபாணி திண்டிவனம் தபாலாபீசில் தந்தி குமாஸ்தா. வீட்டில், சர்க்கார் லைசென்சுடன், தன் கையாலேயே கட்டிய ரேடியோ நிலையம் வைத்திருந்தான். சென்னையிலிருந்து சிநேகிதன் இருதயராஜ் அந்திதோறும் கடல் நிலவரம் சொல்வான். கோதண்டபாணி அதைக் கேட்டு, அப்படியே திருப்பி ஒலிபரப்புவான். மரக்காணம் கரையில் கட்டுமரக்காரர்களின் தலைவன் மாயவன், சின்னஞ்சிறு பாட்டரி செட்டை வைத்துக்கொண்டு கேட்பான். சென்னைக் குரல் அந்த செட்டுக்கு எட்டாது. திண்டிவனத்துக் குரல்தான் எட்டும்.

தீபாவளி முடிந்ததிலிருந்து அந்தக் குரலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாயவன் நேற்று சந்தையில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்: "உங்க பொட்டிய நம்பி எத்தினி நாளு வலைய மடிச்சி வெச்சிகினு குந்துறது? நாளைக்கும் 'ஒண்ணும் கேக்கல'ன்னீங்கன்னா, விடிஞ்சதும் கடலுக்குப் போய்க்கினே இருப்போம்."

அந்த நாளை, இன்று. கிழக்கே வானம் செம்பாய்ச் சிவந்திருந்தது. மதுராந்தகம் பக்கம் மரம் விழுந்து சென்னைத் தந்திக் கம்பியும் காலையிலேயே அறுந்துபோயிருந்தது. 1938ஆம் வருஷத்து ஐப்பசி மழை பொல்லாத மழை.

இரைச்சலுக்குக் காரணம் தேடி கோதண்டபாணி பார்க்காத இடமில்லை. செட்டை ரயிலேற்றி விழுப்புரத்துக்குத் தூக்கிப்போய், தன்னைப்போலவே ரேடியோ நிலையம் வைத்திருந்த சவுரிராயன் வீட்டு ஏரியலில் மாட்டிப் பார்த்தான். கண்ணாடிபோல் கேட்டது. "பொட்டி சுத்தம் மாப்ளே, உன் ஏரியலப் பாரு" என்றான் சவுரிராயன். திரும்பி வந்து ஏரியலின் இணைப்பையெல்லாம் புதிதாய்ப் பற்றவைத்தான். வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லின் மோட்டார்மேல் சந்தேகப்பட்டு, முதலாளி அப்பாதுரையிடம் கெஞ்சி அதையும் ஒரு சாயங்காலம் நிறுத்தினான். இரைச்சல் நிற்கவில்லை.

"ஏங்க, காலைல இது இல்லியே?" என்றாள் ஜெயம். "கடக்காத்து வீச ஆரம்பிச்சாதான வருது?"

கோதண்டபாணி நிமிர்ந்தான். காற்றில் எதுவோ ஆடுகிறது!

"ஜெயம், ஜல்தி! ஏரியல் கம்பத்தத் தாங்குற இழுகம்பி ஒண்ணொண்ணாப் புடிச்சி ஆட்டு. நான் கேட்டுகினு இருக்கேன்."

ஹெட்போனை மாட்டினான். முதல் கம்பி ஆடியது, மாற்றமில்லை. அடுத்ததற்கும் இல்லை. மூன்றாவதை அவள் ஆட்டியதும் காதே கிழிந்தது. "அதான்! அதான்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

அந்தக் கம்பி பக்கத்து வீட்டுக் காசியம்மாளின் முருங்கை மரத்துக்குள் நுழைந்து போயிற்று. இலையை விலக்கினால், கம்பியில் ஒரு துருப்பிடித்த குதிரை லாடம்! இரும்புச் சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. இரும்போடு இரும்பு உரசும்போதெல்லாம் ஏரியல் அதை வாங்கி அவன் காதில் கொட்டியிருக்கிறது.

"கைய வெக்காத தம்பி!" காசியம்மாள் முறத்தோடு வந்து நின்றாள். "தீபாவளிக்கு வந்த சனமெல்லாம் உன் கம்பத்தப் பாத்து வாயப் பொளந்துச்சி. கண்ணு பட்டுடும்னு நான்தான் கட்டினேன்."

"ஆத்தா, இதனாலதான் எனக்கு ஒண்ணுமே கேக்கல!"

"ஒண்ணும் கேக்கலன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். இன்னும் ஒரு லாடம் கட்டணும்."

கோதண்டபாணி பல்லைக் கடித்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மரத்துல மாத்திக் கட்டலாமா ஆத்தா?" என்றாள் ஜெயம்.

"மரத்துல கட்டினா முருங்கக்காயத்தான் காக்கும்!"

"சரி, கம்பியிலயே இருக்கட்டும். சங்கிலிய எடுத்துட்டு, மஞ்சத் துணி சுத்தி ஆடாம இறுக்கிடறேன். மஞ்ச கட்டினா இன்னும் நல்லதுதான?" என்றாள் ஜெயம்.

காசியம்மாள் யோசித்தாள். "மூணு முடிச்சாப் போடு" என்றாள்.

முடிச்சு விழுந்ததும் கோதண்டபாணி பாய்ந்து போய் மேஜைமுன் உட்கார்ந்தான். ஹெட்போனில் நிசப்தம். அந்த நிசப்தத்தின் நடுவில், பக்கத்து அறையில் பேசுவதுபோல் இருதயராஜின் குரல்: "புயல். சென்னைக்குத் தெற்கே கரையைத் தொடும். நாளை கடல் கூடாது."

கோதண்டபாணி மைக்கைப் பிடித்தான். "மாயவன்! மாயவன்! கேக்குதா? யாரும் போகாதீங்க! கட்டுமரத்த மேட்டுல ஏத்திடுங்க!" தொண்டை கட்டும்வரை அதையே சொன்னான். பதில் வர வழியில்லை. மாயவனிடம் கேட்கும் செட்தான் உண்டு.

புயல் ஒரு பகலும் ஓர் இரவும் ஆடித் தீர்த்தது. மறுநாள் வெயில் வந்தபோது வாசலில் ஒரு கூடை வஞ்சிரக் கருவாடு. கூடைக்குப் பின்னால் மாயவன்.

"ஒரு ஆளுகூட எறங்கல சாமி" என்றான். கோதண்டபாணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நடந்ததையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

மாயவன் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"ஆத்தா, எங்க செட்டுக் கம்பத்துக்கும் ஒரு லாடம் வோணும்."

காசியம்மாள் வேலிக்கு மேலாகக் கோதண்டபாணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"துணி சுத்திக் கட்டணும்!" என்று இங்கிருந்தே கத்தினான் கோதண்டபாணி.