ஒளி தொட்ட இடம்

மழை விட்டிருந்தது. கண் மருத்துவமனையின் மதிலோரம் தொட்டாற்சுருங்கி ஒன்று ஈரத்தில் விரிந்து நின்றது. தொட்டால் சுருங்கும். பொறுத்திருந்தால் விரியும். உயிருள்ளவை அப்படித்தான் பதில் சொல்கின்றன.

அமலோற்பவம் அந்தச் செடியைக் காணவில்லை. பார்வையின் ஓரங்களை நோய் தின்றுவிட்டது. நடுவில் மிஞ்சியதும் பனிமூட்டம். கணவர் சேவியரின் தோளைப் பற்றி நடந்தாள்.

புதிய சிகிச்சை ஒன்று வந்திருந்தது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் உயிரோடிருந்தால் அவளுக்கு அது கிடைக்கும். இல்லையேல் இல்லை.

பழைய பரிசோதனையில், வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவளோ இயந்திரம் 'டிக்' என்றாலே அழுத்தினாள். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பதில்கள் யாவும் செல்லாமற்போயின.

"புள்ளியே வராதப்பவும் இவ அமுக்குதா, டாக்டர். பள்ளிக்கூடத்துல இப்படிக் கை தூக்கியிருந்தா கலெக்டர் ஆயிருப்பா," என்றார் சேவியர்.

அவள் தலைகுனிந்தாள். டாக்டர் பரீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மிஷின் உங்ககிட்ட எதுவும் கேக்காதும்மா. உங்க கண்ணுகிட்டயே கேட்டுக்கும்."

ஊசி இல்லை. கத்தி இல்லை. பொத்தானும் இல்லை. இருட்டறையில் தாடையைத் தாங்கியில் வைத்து அசையாதிருந்தாள். விரல் மட்டும், இல்லாத பொத்தானை மடியில் தேடியது.

ஒரு மின்னல். பச்சை மின்னல்.

ஒளி பட்டால் உயிருள்ள செல் தன் நீளத்தை மாற்றிக்கொள்ளும். மயிரிழையை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே மாற்றம். அதை அளக்கத்தான் அந்த இயந்திரம்.

கணினி கணக்கிட்டது. காத்திருந்தார்கள். திரையில் கருமை. பின்னும் கருமை.

பிறகு, நடுவில், தீவு போல் செல்களின் ஒரு கூட்டம். சற்றே சுருங்கியது. நீண்டது. நீண்டுகொண்டே இருந்தது.

நாடெல்லாம் இருளரசனிடம் வீழ்ந்த பின்னும் ஒரு சிறு கோட்டை மட்டும் உள்ளே விளக்கேற்றி வைத்திருந்தது என்று குழந்தைகளுக்குக் கதை சொல்வோமே, அந்தக் கோட்டை இதோ. காவலர்கள் உறங்கவில்லை. ஒளி வந்து கதவைத் தட்டியதும் எழுந்து நின்றார்கள்.

"இருக்கும்மா. உயிரோட இருக்கு. சிகிச்சைக்கு உங்க பேரைச் சேத்துடுறேன்."

அமலோற்பவம் திகைத்தாள். "நா ஒண்ணும் அமுக்கலியே, டாக்டர்."

"அதனாலதாம்மா நம்புறேன்."

சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் துடைத்தார்.

வெளியே மாலை வெயில். மதிலோரம் சேவியர் அவள் விரலைப் பிடித்து அந்தத் தொட்டாற்சுருங்கி இலைமேல் வைத்தார். இலை சுருங்கியது. விரல் அதை உணர்ந்தது.

பேருந்து வருகிறது, போகலாம் என்றார்.

"நில்லுங்க," என்றாள். "விரியட்டும்."

நின்றார்கள். ஈர வெளிச்சத்தில், மெல்ல, ஒவ்வோர் இலையாக, அது விரிந்தது.