தாழ்ந்த வயர்

2005 ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், அஹுன்ட்சிக் பகுதியில் சிவராசாவின் வீட்டுக்கு வரும் டெலிபோன் வயர் நாலு விரல் தாழ்ந்தது. தெருவின் மற்ற வயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

சிவராசா டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்குபவர். பிறவியிலிருந்தே காது கேளாது, பேச்சும் இல்லை. டெலிபோனோடு இணைத்த தட்டச்சுக் கருவியில் அவர் பிரெஞ்சில் அடிப்பதை, இடையில் இருக்கும் ஒப்பரேட்டர் மகள் சாம்பவிக்கு வாசித்துச் சொல்வார்; அவள் சொல்வதை இவருக்கு அடித்து அனுப்புவார். பெனுவா என்ற வெள்ளைக்காரனைக் கட்டப்போகிறேன் என்று ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யிலிருந்து அவள் சொன்ன ஞாயிறு, சிவராசா "இனி எனக்குப் போன் எடுக்காதே" என்று அடித்தார். மகள் சொன்ன சொல் கேட்பவள். எடுக்கவில்லை.

மறுநாளே மனம் மாறிக் கருவியின் முன் உட்கார்ந்தார். ஆனால் அன்று காலைதான், யாழ்ப்பாணத்துக்கு மலிவாகக் கதைக்கலாம் என்று தெருவே சேர்ந்த இரவிச்சந்திரனின் சின்ன டெலிபோன் கம்பனிக்கு அவருடைய இணைப்பும் மாறியிருந்தது. அந்த இணைப்பிலிருந்து ஒப்பரேட்டரை எடுக்க, கம்பனிக்குத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் அந்தச் சேவை பற்றிய கேள்விக்கு இரவிச்சந்திரன், "எங்கள் ஆட்களில் காது கேளாதவர் எவரும் இல்லை" என்று எழுதியிருந்தார்.

"அப்ப சிவராசா அண்ணை ஆர், வெள்ளைக்காரனோ?" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவதி.

"மறந்துபோனன் அக்கா. அவர் சத்தமே போடுறேல்லையே."

புது விண்ணப்பம் போயிற்று. ஒரு பக்கம் குறைகிறதென்று திரும்பியது. மறுபடி போயிற்று. மகளின் விலாசம் சிவராசாவிடம் இல்லை; தெரிந்தவர்களைக் கொண்டு கதைக்க மானம் விடவில்லை. ஞாயிறுதோறும் அடித்தார். முதல் நாள், "நான் சொன்னதை மறந்துவிடு." பிறகு, "இன்று குளிர்." "முட்டை பொரித்தேன்." போக வழியில்லாத சொற்கள் வயரிலேயே தங்கின. பதினாலாம் மாதம் வயர் தரையைத் தொட்டது. தபால்காரர் காலைத் தூக்கித் தாண்டினார். பனி வழிக்கும் வண்டி சுற்றிப் போனது.

2006 டிசம்பரில் அனுமதி வந்தது. அந்த ஞாயிறு வேலையில் இருந்த ஒப்பரேட்டரின் பெயர் அக்னெஸ். சிவராசா இலக்கத்தை மட்டும்தான் கொடுத்தார்; பதினாலு மாதமும் தானாக வந்து அவள் திரையில் விழுந்தது. வாடிக்கையாளர் அடித்ததை ஒரு சொல்லும் விடாமல், "நான்" என்றே வாசிக்க வேண்டும் என்பது விதி. அக்னெஸ் நாலு மணி நேரம் வாசித்தாள். நான் சொன்னதை மறந்துவிடு. நான் முட்டை பொரித்தேன். சாம்பவி போனை வைக்கவில்லை.

பின்னணியில் கேட்கும் சத்தத்தையும் அடிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. சிவராசாவின் திரையில் முதலில் வந்தது மகளின் பதில் அல்ல: "குழந்தை அழுகிறது."

"யாருடைய குழந்தை?" என்று அடித்தார்.

"எங்களுடையது. இரண்டு மாதம்."

பிறகு மகள் தமிழில் ஏதோ சொன்னாள். அக்னெஸுக்குத் தமிழ் தெரியாது; காதில் விழுந்ததை அப்படியே பிரெஞ்சு எழுத்துகளில் எழுத்துக்கூட்டி அடித்தாள். சிவராசா இரண்டு முறை வாசித்தார்.

"பால் குடுக்கவேணும். பேந்து நானே எடுக்கிறன், அப்பா."

திங்கள் காலை வயர் பழைய உயரத்தில் நின்றது. தபால்காரர் மட்டும் அந்த இடம் வந்ததும் காலைத் தூக்கித் தாண்டியே போனார்.